ரைஸ் குக்கர்: ஒரு மணிநேர நித்திரையின் வரலாறு

கடந்த மாதம் என் ராத்தாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். திருமணமாகிக் கண்டி நகரில் தனிக்குடித்தனம் போகவிருப்பவள். "மாமா, நல்ல ரைஸ் குக்கர் ஒண்டு வாங்கணும். எத வாங்குறது நல்லம்? நீங்க பேப்பர்ல எல்லாம் எழுதுற ஆள்தானே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களே" என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத்துறையில் இருக்கிறேன். பாராளுமன்றத் தேர்தல்கள் முதல் பாலம் திறப்பு விழாக்கள் வரை எழுதியிருக்கிறேன். நாள்தோறும் எங்கள் வீட்டில் சோறாக்கும் அந்தக் கலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மருமகளின் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்ட நான் ஜப்பான், ஹொங்கொங், குவைத் என்று சுற்றி, ஈற்றில் எங்கள் உம்மாவின் குசினிக்கே வந்து சேர்ந்தேன். அந்தத் தேடலை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விறகடுப்பின் காலம்

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் வீதியில், மகாவலி கங்கையை அண்டி அமைந்த சிற்றூர் கெலிஓயா. மலையகப் புகையிரதப் பாதையும் எங்கள் ஊர் வழியாகவே செல்கின்றது. நான் சிறுவனாக இருந்த 1970களில் எங்கள் வீட்டில் விடியலை அறிவித்தது அடுப்பங்கரையிலிருந்து எழும் புகையே. உம்மா இருட்டோடு எழுந்து, கிளிசெரியாக் கம்புகளையும் தென்னை மட்டைகளையும் அடுக்கி, ஊதுகுழலால் ஊதித் தீ மூட்டுவார். அரிக்கன் சட்டியில் அரிசியை அலசிக் கல் நீக்குவார். சிங்களச் சகோதரர்கள் நம்பிலிய என்று சொல்லும், உட்புறம் வரிவரியான பள்ளங்கள் கொண்ட மண்சட்டிதான் அது.

உலையை ஏற்றிவிட்டு அப்பால் போக முடியாது. கொதிக்கும்வரை பெருந்தீ வேண்டும். கொதித்த பின்னர் விறகை வெளியே இழுத்துத் தணலைப் பரப்பிச் சூட்டைக் குறைக்க வேண்டும். சற்றுக் கவனம் பிசகினால் அடிப்பிடிக்கும். அவசரப்பட்டால் நடு அரிசி வேகாது. நோன்பு மாதத்தில் நிலைமை இன்னும் கடினம். சஹர் உணவுக்குச் சூடான சோறு வேண்டும். நாங்கள் மூன்றரை மணிக்கு எழும்புவதாயின் உம்மா இரண்டரைக்கே எழுந்தாக வேண்டும். முப்பது நாட்களும் அப்படியே. அதை ஒரு வேலையாக நாங்கள் யாரும் எண்ணியதில்லை. சோறு இருந்தது, சாப்பிட்டோம்.

இந்நாட்டின் அரசியல் வரலாற்றில் அரிசிக்கு இருக்கும் இடத்தை விளக்கத் தேவையில்லை. 1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அதே ஆண்டில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1973, 1974ஆம் ஆண்டுகளின் அரிசித் தட்டுப்பாடு என் தலைமுறையினர் அனைவரின் நினைவிலும் உள்ளது. அரிசியின் விலையைப் பற்றி எங்கள் பத்திரிகைகள் எழுதிய செய்திகளை அடுக்கினால் ஓர் அறையே நிரம்பும். அந்த அரிசியைச் சோறாக்க யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதை நானும் எழுதவில்லை, எனக்கு முந்தியவர்களும் எழுதவில்லை.

அருகே ஓடிய ஆறும் தூரத்து மின்சாரமும்

மின்சாரம் இல்லாமல் ரைஸ் குக்கர் இல்லை. ஆதலால் அந்தக் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அதாவது யோசனைக்கும் வெளிச்சத்துக்கும் இடையே முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள். இலங்கை மின்சார சபை 1969ஆம் ஆண்டு நவம்பரில் உருவானது. 1976இல் பொல்கொல்லை அணையும் 1985இல் விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களும் வந்தன.

எங்கள் ஊரைக் கடந்து போகும் அதே ஆற்றுநீர்தான் இம்மின்நிலையங்களுட் பலவற்றைச் சுழற்றுகின்றது. எனினும் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1981இல்தான். வந்ததும் இரண்டு மின்குமிழ்களும் ஒரு வானொலியும். மின்சாரம் என்றால் வெளிச்சம் என்பதே அன்றைய விளக்கம். அதனால் சோறாக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் உம்மா சிரித்திருப்பார்.

ஜப்பானில் ஒரு குடும்பம்

சிரித்திருக்கக்கூடியவர் உம்மா மட்டுமல்லர். ஜப்பானிலும் அதே நிலைதான் இருந்தது. மின்சாரத்தால் சோறாக்கும் முயற்சி அங்கு நீண்டகாலமாகவே நடந்துவந்தது. மிட்சுபிஷி நிறுவனம் 1923ஆம் ஆண்டில் கப்பல்களின் சமையலறைக்காக ஒரு கலத்தைத் தயாரித்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் மின்சாரம் மிஞ்சிக் கிடந்தது. அதைப் பயன்படுத்த எண்ணிய மசாரு இபுக்கா என்னும் பொறியியலாளர், மரத்தொட்டி ஒன்றின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்திச் சோறாக்கப் பார்த்தார். அரிசியின் தன்மைக்கும் நீரின் அளவுக்கும் ஏற்ப ஒருநாள் குழைந்தது, மறுநாள் வேகவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. அவரது அச்சிறிய நிறுவனமே பின்னாளில் சோனி என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது.

இக்கலங்களில் இருந்த பொதுவான குறை ஒன்றுதான். மின்சாரம் தீயின் இடத்தைப் பிடித்ததே தவிர, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்து நிறுத்த வேண்டிய தேவை அப்படியே இருந்தது.

1950களின் தொடக்கத்தில் தோஷிபா நிறுவனத்தின் விற்பனைப் பகுதியில் பணியாற்றிய ஷோகோ யமடா என்பவர், துணிதுவைக்கும் இயந்திரத்தை விற்பதற்காக ஊர்ஊராகச் சென்றபோது, வீட்டு வேலைகளில் மிகக் கடினமானது எது என்று பெண்களிடம் கேட்டார். கமடோ எனப்படும் மண்ணடுப்பில் விடியுமுன் எழுந்து சோறாக்குவதே என்பது அவர்களின் பதில். தானாக நின்றுவிடும் கலமொன்றை உருவாக்கும் பொறுப்பு யோஷிததா மினாமி என்னும் சிறு தொழிற்சாலை உரிமையாளரிடம் வந்து சேர்ந்தது. அவரோ சோறாக்குவது பற்றி ஏதும் அறியாதவர். அறிந்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ.

சோதனைகளைச் செய்தவர் ஃபுமிகோவே. வெவ்வேறு அளவு அரிசி, வெவ்வேறு அளவு நீர், வெயிலும் குளிரும் என்று நாளுக்குப் பல தடவை சோறாக்கி, வெப்பநிலையைக் குறித்துவைத்தார். கணவர் வீட்டை ஈடுவைத்துச் செலவைச் சமாளித்தார். கொதிநிலையை எட்டிய பின்னர் 20 நிமிடங்கள் அதே சூட்டில் இருந்தால் சோறு பதமாகும் என்பது தெரிந்தது. அந்த 20 நிமிடங்களை இயந்திரம் எப்படி அறிவது? அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம். வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளை நீர். அந்த நீர் ஆவியாகி முடிய ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. நீர் தீர்ந்ததும் வெப்பம் சட்டென்று ஏறும். அப்போது இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்.

1955ஆம் ஆண்டு டிசெம்பரில் தோஷிபா இக்கலத்தை விற்பனைக்கு விட்டது. விலை 3,200 யென். புதிதாகப் பணியில் சேரும் பட்டதாரி ஒருவரின் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அது. நித்திரைக்காகச் சமையலைச் சுருக்க நினைப்பவள் நல்ல மனைவியாவாளா என்ற முணுமுணுப்பு அந்த நிறுவனத்துக்குள்ளேயே எழுந்ததாகச் சொல்லப்படுகிறது. யமடா மின்விநியோக நிறுவனங்களைத் துணைக்கு அழைத்துக் கிராமங்களுக்குச் சென்று செய்து காட்டினார். சில ஆண்டுகளிலேயே ஜப்பானிய வீடுகளில் ஏறத்தாழ அரைவாசியில் ரைஸ் குக்கர் இருந்தது. சோதனைக் காலத்திலேயே உடல்நலம் குன்றியிருந்த ஃபுமிகோ அதன்பின் நீண்டகாலம் வாழவில்லை. கலத்தின்மீது நிறுவனத்தின் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது.

1956ஆம் ஆண்டில் மாட்சுஷிட்டா நிறுவனம் நஷனல் என்ற பெயரில் தன்னுடைய குக்கரை வெளியிட்டது. வெளிப்பாத்திர நீர் இதற்குத் தேவையில்லை. உள்பாத்திரத்தையே நேரடியாகச் சூடாக்கும். இன்று நாம் காணும் சாதாரண குக்கர்கள் இந்த வழியில் வந்தவை.

ஹொங்கொங்கிலிருந்து வளைகுடாவுக்கு

ஜப்பானுக்கு வெளியே இக்கலத்தைப் பரப்பியதில் ஹொங்கொங் வணிகர் வில்லியம் மொங் என்பவருக்கு முக்கிய பங்குண்டு. சோறு வேகுவதைக் கண்ணால் பார்க்காமல் வாடிக்கையாளர் நம்பமாட்டார் என்று உணர்ந்த அவர், மூடியில் கண்ணாடிச் சாளரம் ஒன்று வைக்குமாறு ஜப்பானியரிடம் கேட்டுக்கொண்டார். ஹொங்கொங் மக்கள் புலம்பெயர்ந்த இடங்களுக்கெல்லாம் குக்கரும் கூடவே போனது. பிற்காலத்தில் நம்மவர்களும் அப்படித்தான் செய்தார்கள். கனடாவிலோ இலண்டனிலோ நிலக்கீழ் அறையொன்றில் வாழ்க்கையைத் தொடங்கிய நண்பர்கள் பலர், தாம் முதலில் வாங்கிய பொருள் ரைஸ் குக்கர்தான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இலங்கைக்கு அது பெருமளவில் வரத் தொடங்கியது 1977க்குப் பின்னரே. அவ்வாண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதையடுத்து மத்திய கிழக்குக்கான வேலைப் பயணம் பெருகியது. 1980களில் அவ்வாறு சென்றவர்களுள் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டுப் பணிப்பெண்களாகவே சென்றனர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது அந்தப் பெருக்கத்தின் விளைவே. கட்டுநாயக்கவில் இறங்கும் ஒவ்வொரு பெண்ணின் பெட்டியிலும் மூன்று பொருட்களையாவது எதிர்பார்க்கலாம்: ஒரு கம்பளிப் போர்வை, ஒரு கசெட் ரேடியோ, ஒரு ரைஸ் குக்கர்.

எங்கள் ராத்தா 1982இல் குவைத்துக்குப் போனார். அப்போது எனக்கு வயது பதின்மூன்று. வாப்பாவின் சிறுகடை நட்டத்தில் மூடப்பட்டிருந்தது. 1984இன் இறுதியில் விடுமுறையில் வந்தபோது அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக்குள் வெள்ளை நிற நஷனல் குக்கர் ஒன்று இருந்தது. பெட்டியைத் திறந்தபோது ராத்தா சொன்னது நினைவிருக்கிறது: "உம்மா, அங்க நான் விடியக்காலம் அடுப்புக்கு முன்னால குந்துறல்ல. இத அமத்திட்டு மத்த வேலயப் பார்ப்பேன். நீங்க மட்டும் ஏன் இங்க பொகைக்குள்ள இருக்கணும்?"

சொன்னாரே தவிர, குக்கர் உடனே வேலை செய்யவில்லை. அதன் முனைகள் சதுரம். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்த துளைகள் வட்டம். ஊரில் வயரிங் வேலை செய்யும் ஒருவர் வந்து, கனமான கம்பி இழுத்துத் தனியாக ஒரு பிளக் பொயின்ட் அமைக்கும்வரை மூன்று வாரங்கள் அது அலுமாரியின் மேல் கொலுவிருந்தது. முதல்நாள் ஆக்கிய சோறும் வேகவில்லை. ராத்தாவுக்குத் தெரிந்த அளவு குவைத்து வீட்டின் பாஸ்மதி அரிசிக்கானது. எங்கள் வீட்டிலோ புழுங்கல் சம்பா. இயந்திரம் தன் கடமையை முடித்துக் 'கிளிக்' என்று நின்றுவிட்டது. அரிசிக்கு அது போதவில்லை.

உம்மாவின் கோடுகள்

ராத்தா திரும்பிப் போனபின் உம்மா அந்தக் கலத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினார். உம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. ஒவ்வொரு நாளும் நீரைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். பதமாக வந்த நாளில், நீர் நின்ற மட்டத்தில் ஆணியால் அலுமினியப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒரு கீறல் போட்டார். சம்பாவுக்கு ஒரு கோடு. சிவப்புப் பச்சைக்கு அதைவிட ஒரு விரல் மேலே இன்னொன்று. நாட்டரிசிக்கு இரண்டுக்கும் இடையில் மூன்றாவது.

1985ஆம் ஆண்டில் நோன்பு மே மாதப் பிற்பகுதியில் தொடங்கியது. அந்த ஆண்டு உம்மா இரண்டரைக்கு எழவில்லை. எங்களோடு மூன்றரைக்கு எழுந்து சுவிட்சை அமத்திவிட்டு, முகம் கழுவிக் கறியைச் சூடாக்கினார். சோறு தானாக ஆனது. முதல் சில நாட்கள் பழக்கத்தினால் இரண்டரைக்கே விழிப்புத் தட்டிவிடுவதாகவும், படுக்கையில் கிடந்தபடி 'எழும்பத் தேவையில்லையே' என்று நினைத்துக்கொள்வதாகவும் பின்னாளில் சொன்னார். ராத்தாவின் இரண்டாண்டு உழைப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவற்றில் அந்த ஒரு மணிநேர நித்திரையை மட்டுமே உம்மா தனக்கென்று எடுத்துக்கொண்டார். மற்றவை கடனுக்கும் கூரைக்கும் என் படிப்புக்கும் போயின.

ராத்தா 1988இல் மீண்டும் குவைத்துக்குச் சென்றார். 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே சிக்கிக்கொண்ட பல்லாயிரக்கணக்கான இலங்கையருள் அவரும் ஒருவர். பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் முகாமொன்றில் தங்கி, ஒக்டோபரில் ஊர் வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. பல மாதச் சம்பளம் போனது. சேர்த்துவைத்த நகையும் போனது. அவர் வந்த இரவில் உம்மா அந்தக் குக்கரில் சோறாக்கிப் பரிமாறினார். "இது மட்டும் மிஞ்சிச்சு" என்று ராத்தா சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு கலைப்பீட மாணவன். அங்கு அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை பேருக்குச் சோறாக்கினார் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டது கடந்த மாதம்தான், மருமகளின் தொலைபேசி அழைப்புக்குப் பின்னர். "பதினொரு பேருக்கு" என்றார்.

ஆக, எதை வாங்குவது?

இவ்வரலாற்றிலிருந்தே மருமகளின் கேள்விக்கு விடை காணலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, குக்கருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விடயம். பாத்திரத்தின் அடியில் நீர் தீர்ந்துவிட்டதா என்பதே அது. சாதாரணக் குக்கரின் நடுவில், சுருள்வில்லின் மேல் அமர்ந்திருக்கும் சிறிய வட்டத்துக்குள் ஒருவகைக் காந்தம் உண்டு. 1930ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளான கட்டோவும் தக்கேயும் கண்டறிந்த ஃபெரைட் என்னும் பொருளின் வழிவந்தது அது. நீர் இருக்கும்வரை அடிப்பாத்திரம் கொதிநிலையைத் தாண்டாது. கெலிஓயாவில் நீர் 98 பாகையளவில் கொதிக்கும். நுவரெலியாவின் உயரத்தில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். நீர் முழுவதையும் அரிசி உறிஞ்சியதும் வெப்பம் 100 பாகையைத் தாண்டி ஏறும். குறித்த அளவை எட்டியதும் ஃபெரைட் தன் காந்தத்தன்மையை இழக்க, சுருள்வில் தள்ளிவிட, 'கிளிக்' என்று சுவிட்ச் மேலெழும். அந்த வட்டத்தில் ஒரு சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தாலும் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும். அதைத் துடைத்து வைப்பதே முதற்பராமரிப்பு. உள்பாத்திரத்தின் வெளிப்புற ஈரத்தையும் துடைத்த பின்னரே வைக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. குக்கருடன் வரும் சிறு குவளையை நம்மவர்கள் பலர் தேநீர்க் கோப்பையோடு குழப்பிக்கொள்கின்றனர். அது 180 மில்லிலீற்றர் கொண்ட ஜப்பானியப் பழைய அளவு, பெயர் 'கோ'. பத்துக் 'கோ' சேர்ந்தால் ஒரு 'ஷோ', அதாவது 1.8 லீற்றர். கடைகளில் 1.8 லீற்றர் என்ற அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விளக்கம். நமது கொத்தும் சுண்டும் போன்றதுதான் அதுவும். சில நிறுவனங்கள் பாத்திரத்தின் முழுக் கொள்ளளவையே லீற்றரில் குறிப்பதால், எத்தனை குவளை அரிசி ஆகும் என்று கேட்டு வாங்குவதே உசிதம். இருவருக்கோ மூவருக்கோ ஐந்து குவளைக் கலம் தாராளம். பெரிய கலத்தில் ஒரு குவளை மட்டும் ஆக்கினால் அடியில் பொருக்காகிவிடும்.

மூன்றாவது, நீர். ஜப்பானிய மாதிரிகளின் உள்ளே இருக்கும் கோடுகள் அவர்களின் குறுகிய, ஒட்டும் அரிசிக்கானவை. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த நமது இனங்களுக்கு அவை பொருந்தா. எங்கள் வீட்டு அனுபவத்தில் புழுங்கல் சம்பாவுக்கு ஒன்றுக்கு இரண்டு, சிவப்புப் பச்சைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல், பாஸ்மதிக்கு ஒன்றுக்கு ஒன்றரை. சிவப்பரிசியை அரைமணி நேரம் ஊறவைத்தால் நடுப்பகுதியும் வேகும். சுவிட்ச் மேலெழுந்த பின்னர் பத்து நிமிடங்கள் மூடியைத் திறவாமல் விட வேண்டும்.

நான்காவது, உள்பாத்திரம். கையில் தூக்கிப் பாருங்கள். தடித்த, கனமான பாத்திரம் சூட்டைச் சமமாகப் பரப்பும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தில் அரிசியைத் தேய்த்துக் கழுவுவது, உலோகக் கரண்டியால் கிண்டுவது இரண்டும் கூடாது. நம் அரிசியில் கல் இருக்கும் என்பதை ஜப்பானியர் அறியார். வேறு சட்டியில் அரித்து இடுங்கள். சிரட்டை அகப்பையைப் பயன்படுத்துங்கள். உள்பாத்திரம் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கடையில் கேட்க வேண்டும். குக்கர் பழுதாகுமுன் பூச்சுத்தான் உரியும்.

ஐந்தாவது, மின்சாரம். ஜப்பான் வீடுகளுக்கான கலங்கள் 100 வோல்ட்டுக்குரியவை. அவற்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நமது 230 வோல்ட்டில் செருகினால் அன்றே எரிந்துவிடும். 650 வோட் கலமொன்று ஒருமுறை சோறாக்க ஏறத்தாழ 0.4 அலகு எடுக்கும். சூடாக வைக்கும் நிலையில் 50 வோட் என்று கொண்டாலும், எட்டு மணிநேரத்தில் அதே 0.4 அலகு செலவாகிவிடும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தபோது இந்தக் கணக்கைப் பலரும் கற்றுக்கொண்டோம். அதற்காகச் சோற்றைக் குக்கரை அணைத்துவிட்டு நாள்முழுவதும் உள்ளேயே வைப்பதும் ஆபத்து. 60 பாகைக்குக் கீழே மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் நச்சுக் கிருமிகள் பெருகும். சாப்பிட்டு மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நன்று.

இறுதியாக, விலையுயர்ந்த வகைகள். 1979இல் நுண்கணினி பொருத்திய குக்கரும், 1988இல் மின்காந்தத் தூண்டலால் பாத்திரம் முழுவதையும் சூடாக்கும் குக்கரும் வந்தன. ஜப்பானிய அரிசிக்கு அவை அற்புதமானவை. பலவகை அரிசியும் கஞ்சியும் வேறுவேறாகச் சமைப்போருக்கும் பயன்படும். நம் ஊருக்கோ இன்னொரு கணக்கும் உண்டு. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலானதை யாரும் மறந்திருக்கமாட்டோம். எரிவாயுவும் கிடைக்காத அந்நாட்களில் ராத்தா கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினார். மின்சாரம் வந்துபோகும் ஊரில், ஒற்றைச் சுவிட்ச் குக்கருக்கு ஒரு வசதி உண்டு. இடையில் மின்சாரம் நின்று சற்று நேரத்தில் திரும்பினால், விட்ட இடத்திலிருந்து அது தானாகத் தொடரும். பொத்தான்கள் கொண்டவற்றில் எல்லாமும் அப்படிச் செய்வதில்லை.

கடையில்

சென்ற சனிக்கிழமை மருமகளையும் ராத்தாவையும் அழைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். விற்பனையாளர் பளபளக்கும் திரையும் பன்னிரண்டு பொத்தான்களும் கொண்ட ஒன்றைக் காட்டினார். ராத்தா அதைப் பார்க்கவேயில்லை. ஓரத்திலிருந்த ஒற்றைச் சுவிட்ச் குக்கரின் மூடியைத் திறந்து, உள்பாத்திரத்தை எடுத்துக் கையால் நிறைபார்த்து, நடுவட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். நான் பல நாட்கள் படித்துத் தொகுத்ததை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

உம்மா 2009இல் காலமானார். அந்த நஷனல் கலம் அதற்கு முன்னரே எரிந்துபோனது. உள்பாத்திரம் மட்டும் இருக்கிறது. அதில்தான் நாங்கள் அரிசி அளந்து ஊறவைக்கிறோம். மூன்று கோடுகளும் மங்கலாகத் தெரிகின்றன. புதிய பாத்திரத்தின் பூச்சில் ஆணியால் கீற முடியாது. ஆகவே ராத்தா பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றி, கோட்டுக்கோடு எத்தனை குவளை என்று அளந்து சொல்ல, மருமகள் அதைத் தன் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டாள். "ஒரு மாசம் ஆக்கிப் பார். பெறகு ஒன்ட கணக்க நீயே எழுது" என்றார் ராத்தா. புது மாப்பிள்ளையும் பக்கத்தில்தான் நின்றார். அவரும் குறித்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன். ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஐம்பத்தாறு வயதில் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வி இருந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் சோறு ஆக்கியது நான். நீர் சற்றுக் கூடிவிட்டது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு முதல் ரைஸ் குக்கர் எந்த ஆண்டில், எந்த நாட்டிலிருந்து, யாருடைய உழைப்பில் வந்தது என்பதை எழுதி அனுப்புங்கள். கொண்டுவந்தவர் இன்றும் இருந்தால், எழுதுமுன் அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.